புதைக்கப்பட்டவர் எழுந்து சட்டை கேட்டார்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம், அங்கே குளிரில் உனக்குக் காதுவலி வராமல் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கச் சொன்னாள். அவள் முழங்கால் பரவாயில்லை, தண்ணீர்க் குழாயை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள், நீ வேளைக்குச் சாப்பிட வேண்டுமாம், ஈரத்தலையோடு வெளியே போகக் கூடாதாம். இனி என் விஷயம்.

எங்கள் தையல் கூடத்தில் பொத்தான் மேசையில் ஒருத்தி கதை படிப்பாள், மற்றவர்கள் அவள் பங்குச் சட்டைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். இந்த மாதம் படிக்கிறவளின் முக்காலியில் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், வாயே திறக்காதவள், என் குரலை அத்தனை பேர் கேட்கிறார்கள் அக்கா, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனதில்லை. ஆனால் திங்கட்கிழமை மானம் போயிற்று. கதையில் தபால்காரரைப் புதைத்துவிட்டு வந்து அவர் மனைவி வீட்டுக் கதவைப் பூட்டுகிறாள். எனக்கோ நீ கிளம்பிய அன்று அம்மா சாத்திய நம் பச்சைக் கதவு ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தவள் எந்தப் பக்கம் என்றே பார்க்காமல், ஏற்கெனவே படித்த பக்கத்தையே மறுபடி படித்துக்கொண்டு போனேன், வாய் மட்டும்தான் படித்தது. ஒரு பக்கம் தாண்டிய பிறகுதான் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற அக்கா, "ஏண்டி, புதைச்ச மனுசன் எந்திரிச்சு வெள்ளைச் சட்டை எங்கேன்னு கேக்குறாரே, அதுக்கும் நாமதான் பொத்தான் தைக்கணுமா?" என்றாள். கூடமே சிரித்தது. மேற்பார்வையாளர் வந்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளை உட்காரவைப்பேன் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மாகூட, பேசாமல் ஊசியைப் பிடி என்றாள். முடியாது என்றேன்.

அப்புறம் யோசித்தேன், ஒரு பக்கம் முழுக்க யாருக்கும் தெரியவில்லையே, அப்படியானால் அவர்களும்தானே அங்கே இல்லை. அந்தக் கதவு எப்படிப்பட்டது என்று புத்தகம் சொல்லவே இல்லை, கேட்டால் காஜா அக்காவுக்கு அது தகரக் கதவாம், அம்மாவுக்கு அப்பா கடைசியாக இருந்த ஆஸ்பத்திரிக் கதவாம். மனசு வெளியே போய்த்தான் கதவைக் கொண்டுவருகிறது, போனது திரும்பாவிட்டால்தான் கதை கெட்டுப்போகிறது, என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான். நேற்று மனசு மறுபடியும் போனது, மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நிற்கிறார். படிப்பதை நிறுத்தி, மனசு வேற எங்கேயோ போயிடுச்சு, இந்தப் பத்தியை மேலேருந்து படிக்கிறேன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "படிடி, நானும் இப்பத்தான் எங்க வீட்டுலேருந்து வர்றேன்" என்றாள் காஜா அக்கா. மேற்பார்வையாளர் அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஆறு அத்தியாயம் இருக்கிறது, ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று அம்மா ஆசி சொல்கிறாள். இந்தக் கடிதத்தை அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் படிக்காதே என்றும் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அவள் சொல்லாததையும் சேர்த்து எழுதிய தங்கை