எனக்குக் கேட்காத விசில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே உடம்பும் மனசும் ஒன்றுபோல நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் எப்போதும் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, சலவைக் கடையில் இப்போது ஒரு உயரமான ஸ்டூலில் சாய்ந்துகொண்டுதான் இஸ்திரி போடுகிறார், கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு முதலாளி முதலாளி என்று கேலி செய்கிறார்களாம். உன் தம்பி வேலை மாறிவிட்டான், புது இடத்தில் என்ன வேலை என்று அவன் விளக்கியது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை, உட்கார்ந்து செய்கிற வேலை என்பது மட்டும் விளங்கியது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. கொஞ்ச நாளாக எது நடந்தது, எது நானாக நினைத்துக்கொண்டது என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன், பொறுமையாகப் படி.

மலைக்கு அந்தப் பக்கம் டாக்டரை ஏற்றிக்கொண்டு போகிற சின்ன விமானம் நான் வேலை பார்க்கிற ஹேங்கர் கொட்டகையில் நிற்கிறது இல்லையா, அதன் ஜன்னல்களைச் சுற்றியிருந்த சீலன்ட் பசை காய்ந்து வெடித்து, நகம் பட்டாலே பொருக்காக உதிர ஆரம்பித்தது. மழை பெய்தால் டாக்டர் உட்காருகிற சீட்டு சொதசொதவென்று ஆகிவிடும். பழசைச் சுரண்டிவிட்டுப் புதுசு போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். இதில் அவசரப்பட முடியாது என்பது உனக்கே தெரியும், எத்தனை நாள் என் நகத்திலிருந்து அந்தப் பிசினை எடுத்துவிட்டிருக்கிறாய். கண்ணாடி என்று பேர்தான், உண்மையில் அது பிளாஸ்டிக், கத்தி பட்டால் கீறல் விழும், பெயின்ட் கரைக்கிற தின்னர் பட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடிவிடும். அதனால் மரச் சீவுளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, புதுப் பசையைப் பிதுக்கி, விரலால் நீவி முடித்தேன். குழாய்த் தண்ணீரைப் பீச்சியடித்துப் பார்த்தோம், உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. எனக்கே என்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் விமானத்தை ஓட்டிவிட்டு வந்த பெண், உன் வயசுதான் இருக்கும், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள், இறங்கியதும் இறங்காததுமாக என்னிடம் வந்து, “அக்கா, வேகம் எடுத்ததும் பின்னாடி ஒரு ஜன்னல் விசிலடிக்குது, ஹெட்செட்டைத் தாண்டி மண்டையத் துளைக்குது” என்றாள். தண்ணீர் புகாத இடத்தில் காற்று எப்படிப் புகும் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தலைமை மெக்கானிக்குக்கும் புரியவில்லை, ஹெட்மாஸ்டர் என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறோமே, அவர்தான். கடைசியில் மேலே போய்க் கேட்டுப் பார்ப்பதுதான் வழி என்று அவரும் நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். மேலே போனதும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். இன்ஜின் உறுமல்தான் கேட்டது, வேறொன்றும் இல்லை. ஹெட்மாஸ்டரோ பல் கூசினவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு என் காதருகில் வந்து, “இப்படி அலறுது, இன்னுமா உங்களுக்கு எந்த ஜன்னல்னு தெரியல?” என்று கத்தினார். என்னை வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததில்லை, அவர் எங்கே விளையாடப் போகிறார். கேட்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் சட்டைக் கையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்து அறுத்து, ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பிலும் பிடித்துக்கொண்டே வந்தேன். வலது பக்கம் பின் ஜன்னலின் மேல் மூலையில் நூல் துள்ளியது. அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்தினேன், அவர் முகம் சட்டென்று தளர்ந்தது. எடுத்தேன், மறுபடி சுளித்தார். அந்த விசிலை நான் அவர் முகத்தில்தான் பார்த்தேன்.

இறங்கி அந்த மூலையைப் பிரித்துப் பார்த்தால் சட்டத்தின் அடியில் பழைய பசையில் ஒரு துணுக்கு மிச்சம் இருந்திருக்கிறது, பழசின் மேல் புதுசு ஒட்டாது, அங்கேதான் காற்று நுழைந்திருக்கிறது. சுத்தமாக எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், இப்போது டாக்டர் நனையாமல் போய் வருகிறார். அது முடிந்துபோன கதை. ஆனால் ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, காதை டாக்டரிடம் காட்டிவிட்டு வேலைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். கடைக்குப் போய் அப்பாவிடம் பொருமினால் அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே, “வீட்ல டீ கெட்டில் விசிலடிச்சா எப்பவும் நான்தானே எழுந்து போறேன், நீ கவனிச்சதில்லையா?” என்கிறார். அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காது டாக்டரம்மா என்னை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்றார். கேட்டதா, கேட்டது மாதிரி இருந்ததா என்று தெரியாமல் கண்டபடி அமுக்கினேன். அந்தம்மா சிரிக்கவில்லை. மெல்லிய கீச்சுச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன, தகட்டில் ரிவெட் ஆணி அடிக்கிற இடத்தில் வருஷக்கணக்காக நின்றதுதான் காரணமாக இருக்கும் என்றார். அப்படியானால் பேசுவது மட்டும் எப்படிக் கேட்கிறது என்று கேட்டேன். “பாதிதான் உங்க காதுல விழுது, மீதிய நீங்களே நிரப்பிக்கிறீங்க” என்றார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “அப்படின்னா அன்னைக்கு போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசினப்போ நம்ம பொண்ணு கேட்டது உனக்கு விழவே இல்லையா?” என்றார். என்ன கேட்டாள் என்றேன். “அம்மா, நான் அங்கேயே வந்துடட்டுமான்னு கேட்டா” என்றார்.

நீ அன்றைக்கு ரொம்ப மெதுவாகப் பேசினாய் கண்ணு. கடைசி ‘ட்டுமா’ மட்டும்தான் என் காதுக்கு வந்தது. அதற்கு முன்னால் பேசியபோது எனக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாயே, அதை அனுப்பட்டுமா என்று கேட்கிறாய் என எடுத்துக்கொண்டுதான், “எதுக்கும்மா, இங்க வைக்க எடமே இல்ல, அங்கயே இருக்கட்டும்” என்று சொன்னேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். அதன்பிறகு உன் பேச்சு ஏன் சுருங்கிப்போனது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், வேலைப்பளு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை ஏன் உடனே என்னிடம் கேட்கவில்லை என்று அப்பாவைச் சத்தம் போட்டால், “நீங்க ரெண்டு பேரும் ஏதோ பேசி முடிவு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்” என்கிறார். யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் இரண்டு தடவை போன் செய்தேன். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாய். அது நீ சொன்னதா, நானாக நிரப்பிக்கொண்டதா? அதனால்தான் பேனாவை எடுத்தேன். காதுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள், மாட்டினால் அப்பாவின் செருப்பு, பக்கத்து வீட்டுக் கதவு, இந்தத் தாள் எல்லாம் ஒரே சமயத்தில் பேசுகின்றன, தலை சுற்றுகிறது. இன்னும் பழக வேண்டும்.

ஏன் வரக் கேட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. சொல்லத் தோன்றினால் சொல். அங்கே இருந்தே சமாளித்துவிடலாம் என்று இப்போது தோன்றியிருந்தால் அதுவும் சரிதான், எனக்காக மனசை மாற்றிக்கொள்ளாதே. ஆனால் உன் அறையில் குவித்து வைத்திருந்த வாடிக்கையாளர் துணி மூட்டைகளை அப்பா இன்று காலை ஒவ்வொன்றாகக் கடைக்குக் கொண்டு போய்விட்டார், நான் சொல்லாமலே. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன், அறைக்குக் காற்று வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக அழுதுகொண்டு உட்காராதே. நீ எங்கே இருந்தாலும் எங்கள் ஆசி உன் கூடவே இருக்கும், ஒரு குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். பதிலை எழுதி அனுப்பு, அவசரம் என்றால் போன் செய்து அப்பாவிடம் சொல், அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதே, அன்றைக்கு நான் வேண்டாம் என்றது ஸ்வெட்டரைத்தான். உன்னை இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா