மூன்று குருமார்களும் உன் காரும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் காரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க எனக்கு மூன்று குருமார்கள். அப்பா, "ஊர்ந்து போம்மா, என்ன அவசரம்?" என்பார். அண்ணனோ, "பயப்படாம மிதிடீ!" என்று கத்துவான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் மட்டும்தான் தங்கமான மனிதர். வண்டி நிற்கும்போதெல்லாம், "பிரமாதம்மா!" என்பார்.

நேற்று உன் காரை நானே வெளியே எடுத்தேன். அப்பா சொன்னபடி ஊர்ந்தேன். அண்ணன் சொன்னபடி மிதித்தேன். வாசல் கேட் நெருங்கியது. வண்டி வழக்கம்போல் தானாக நிற்கும் என்றிருந்தேன்.

மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நிதானமாக, "என் காலடியில இன்னொரு பிரேக் இருக்கும்மா. இத்தனை நாளா நான்தானே போட்டேன்!" என்றார்.

கவலைப்படாதே, என்மேல் ஒரு கீறல்கூட இல்லை. எல்லாவற்றையும் உன் காரே வாங்கிக்கொண்டது.

இப்படிக்கு,
உன் செல்லத் தங்கை