வாயைக் காட்டாத மச்சானுக்கு

மச்சான்,

போன கிழமை மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் அடி வாங்கப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்து இடது கன்னத்தில் அடக்கியிருந்தார். அந்த வாடை அப்படியே உன்னுடையது. மூக்கில் ஏறியதும் எனக்கு என்ன வந்ததோ, "கொஞ்சம் வாயைத் திறங்க, பார்க்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்க டொக்டரா என்று கேட்டார். இல்லை, டொக்டரோட அப்பா என்றேன். அதுவும் ஊசி போடுகிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிற டொக்டர் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். முன் சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மனுசன் எழும்பிப் போய், ஹட்டன் வரைக்கும் டிரைவர் பக்கத்தில் நின்றபடியே வந்தார். அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என் பல் ஒன்றாவது கீழே விழுந்திருக்கும்.

உன் கையைப் பற்றி எழுதாமல் உன்னைப் பற்றி எழுத முடியாது. உன் தங்கச்சியை நான் கட்டின அன்றைக்கே, பந்தியில் என் சித்தப்பா மகனின் மூக்கை உடைத்தாய். அவன் குழம்பு கேட்ட தொனி சரியில்லையாம். இலையெல்லாம் இரத்தம். மாப்பிள்ளையாகிய நான் மாலையோடு பந்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அன்றிலிருந்து நமக்குள் வேலை பிரிந்துவிட்டது. அடிப்பது நீ, உன் செருப்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது நான்.

மகள் வாய்ப் புற்றுநோயை ஆராய நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோதும் அப்படித்தான் ஆனது. உனக்கு அவள் கடைசி வரை பாப்பா. வெற்றிலை போடுகிறவர்களின் வாய்க்குள் முதலில் வெள்ளையாக ஒரு தழும்பு மாதிரி வருமாம், அப்போதே கண்டுபிடித்தால் ஆளைக் காப்பாற்றலாமாம். ஞாயிற்றுக்கிழமை, வேலை நாளில் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டு, டோர்ச் லைட்டும் கமராவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஈ காக்காய் வரவில்லை. நம் பெண்களின் வாயைப் படம் பிடித்து வெளிநாட்டுக்கு விற்கப் போகிறாள் என்று கீழ் லயத்து வரிசை வீட்டு ராசு கிளப்பிவிட்டிருந்தான்.

தாய்மாமனுக்குப் பொறுக்குமா? நம் தோட்டத்தில் ஆள் சேர்க்க ஒரே வழிதான் தெரியும், விடியக்காலை பேர் பதிகிற பெரட்டுக்குச் சேர்க்கிற வழி. சத்தம் போட்டு வரிசையில் நிறுத்த வேண்டும், வராதவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. நீ லயம் லயமாகக் கதவை உதைத்துக்கொண்டு போனாய். நாளைக்கு யாருக்கும் பேர் விழாது என்று, உனக்கில்லாத அதிகாரத்தில் கத்தினாய். ராசுவின் அண்ணனைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாய். அவருக்குப் பின்னால் ஒரு நீள வரிசை, எல்லார் முகத்திலும் பயம்.

பாப்பா டோர்ச்சை அணைத்துவிட்டாள்.

"இவங்க யாரையும் நான் பார்க்க முடியாது மாமா. இழுத்துட்டு வந்தவங்களைச் சேர்த்தா அது ஆராய்ச்சி இல்ல. தானா வந்து வாயைத் திறக்கணும்."

"தானா எவன் பாப்பா திறப்பான்? நான் ரெண்டு விட்டா திறந்துருவானுங்க."

அவள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினாள். நீ வாசலில் சிவப்பாகத் துப்பினாய்.

வரிசை கலைவதற்குள் ராசு வந்துவிட்டான். கூட நாலைந்து பேர், கையில் மம்பட்டிப் பிடிகள். அண்ணன் காலரைப் பிடித்தது எவன் என்று கேட்டபடியே மேசையை உதைத்தான். டோர்ச் உருண்டு ஓடியது. ஒருவன் கமராவைப் பிடுங்க, நீ அவன் மணிக்கட்டைக் கடித்தாய். பிடி ஒன்று உன் நெற்றியில் இறங்கி, புருவத்தின் மேல் தோல் இரண்டாகப் பிரிந்தது. அந்த இரத்தம் கண்ணை மறைக்க, நீ ராசுவின் கையைப் பிடித்து தண்ணீர்ப் பீலிக் கட்டின் மேல் வைத்து முழங்காலால் இடித்தாய். பச்சை விறகு முறிகிற சத்தம். தண்ணீர் டாங்கிக்குப் பின்னாலிருந்த எனக்கே கேட்டது. அவன் கீழே விழுந்த பிறகும் நீ நிறுத்தவில்லை. பிள்ளைக் காம்பரா ஆயா கொதிக்கிற கேத்தலைத் தூக்கிக்கொண்டு, எவன் தலையில ஊத்தட்டும் என்று கேட்டபடி வந்த பிறகுதான் பிரிந்தீர்கள்.

பாப்பா உன் காயத்தைத் துடைத்தாள். உன் உதடும் கிழிந்திருந்தது.

"மாமா, உள்ளேயும் ஒருக்காப் பார்க்கிறேன். வாயைத் திறங்க."

"அடிபட்டது வெளியில. உள்ள உனக்கு என்ன வேலை?"

பல்லைக் கடித்துக்கொண்டாய். மம்பட்டிப் பிடிக்கு நேராகத் தலையைக் கொடுத்தவன், அவள் கையிலிருந்த சின்ன வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன்தான் ஊரே கேட்கும்படி தானாகத் திறக்க வேண்டும் என்ற சட்டத்தைச் சொல்லியிருந்தாள். மாமாவுக்கு மட்டும் அதை மாற்ற அவளால் முடியவில்லை. "உங்க இஷ்டம் மாமா" என்று டோர்ச்சை அணைத்தாள்.

அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்தது ராசு. கையில் மாக்கட்டு. அண்ணனிடம் பாப்பா மன்னிப்புக் கேட்டு அனுப்பியது அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். தானாக வந்து, தானாக வாயைத் திறந்தான். உள்ளே வெள்ளைத் தழும்பு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனான், வெற்றிலையை விட்டான், இன்றைக்கும் பெரட்டில் அவன் சத்தம்தான் பெரிய சத்தம். அவனைப் பார்த்து ஒவ்வொரு லயமாக வந்தது. நீயும் வந்தாய், கதிரை தூக்கிப் போடுவதற்கு. யாரையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாய்.

ராசுவின் கை முறிந்த வழக்குக்கு நீ அலைந்துகொண்டிருந்த காலத்தில்தான் கட்டுரை வெளியானது. யாரையாவது வற்புறுத்திச் சேர்த்தீர்களா என்று ஆய்விதழ்க்காரர்கள் கேட்டார்களாம். இல்லை என்று அவளால் நெஞ்சைத் தொட்டு எழுத முடிந்தது. பிறகு மேற்கோள் என்று ஒன்று வந்தது. சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தின என் மண்டைக்கு அது ஏறவில்லை. அவள் போனில் உனக்கும் எனக்கும் சேர்த்து விளங்கப்படுத்தினாள். "வேற நாட்டுல யாராவது எழுதும்போது, இந்தக் கட்டுரையில இப்படிச் சொல்லியிருக்குன்னு நம்மளைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க மாமா. எத்தனை பேர் கூப்பிடுறாங்களோ, அவ்வளவு மதிப்பு."

நீ தொடையைத் தட்டினாய். "பாத்தியா மாப்ள, நம்ம குடும்பத்துல முதல் தடவையா சாட்சி. இவ்வளவு நாளும் கோர்ட்டுல ஒண்ணாம் எதிரிதான்."

ஒரு வெளிநாட்டுக்காரர் கட்டுரையை மறுத்து எழுதினார். ஒரே தோட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரக் கூடாதாம். உனக்கு நரம்பு புடைத்துவிட்டது. "சிவனொளிபாதமலை பார்க்க வெள்ளைக்காரனுங்க வர்றானுங்கள்ல, அந்த ஆள் வந்தா எனக்குச் சொல்லு" என்றாய். அவர் திட்டினாலும் மேற்கோளில் ஒன்று கூடும் என்று பாப்பா சிரித்தாள். நீ கேட்டாய்: "அப்ப நான் அடிச்சதெல்லாம் அவனுகளுக்குச் செஞ்ச மரியாதையா?"

அவள் அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டாள். பதவி உயர்வுக்கான நேர்முகத்திலும் அந்த எண்ணிக்கையைத்தான் கேட்டார்களாம். எல்லாவற்றிலும் நம் தோட்டத்துக் கட்டுரையைத்தான் அதிகம் பேர் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த எண்ணிக்கையை நான் கிழமைக்கு ஒரு தடவை போனில் படமாகப் பார்க்கிறேன். வருசத்துக்கு ஒரு தூண் என்று வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரம். நான் சந்தோசமாகக் கூப்பிட்டுச் சொன்னால், அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

உனக்கும் புற்று என்று தெரியவந்தபோது அது கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருந்தது. தாடையில் பாதியை வெட்டி எடுத்தார்கள். நீ குழாயைப் பிடுங்கி எறிந்தாய், சேலைன் கம்பியை உதைத்துச் சாய்த்தாய், உன்னைப் பிடிக்க வந்த ஊழியரின் முகத்தில் குத்தினாய். உன்னை ஒருவரும் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை மச்சான். திருப்பி அடிப்பதற்கு எதிரில் ஆளே இல்லாத அடி. பாப்பா வந்து உன் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நீ கண்ணை மூடுவதற்கு முந்தின நாள், அவள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம், நீ என் காலரைப் பிடித்து இழுத்தாய். அவ்வளவு உருகிப் போயும் பிடியில் பழைய பலம் இருந்தது. கட்டுக்குள்ளிருந்து சொல் சொல்லாக வந்தது.

"பாப்பா எழுதுனதுல... நான்... எந்த எடத்துல இருக்கேன்?"

"நம்ம தோட்டமே அதுல இருக்கு மச்சான்" என்றேன்.

உன் விரல்கள் தளர்ந்தன. கசங்கின என் காலரை நீயே நீவிவிட்டாய்.

உன்னைத் தவிர என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.