பாய்க்குச் சொல்லியாச்சா?

பாய்,

இன்று கூடலூரிலிருந்து வரும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா நீலகிரித் தைலக் குப்பியைத் திறந்து கைக்குட்டையில் சொட்டு விட்டார். பஸ் முழுக்க அந்த வாசனை. தொண்டையில் தைலம் தடவாமல் நீங்கள் தொழுகைக்குப் பாங்கு சொன்னதே இல்லை. பள்ளிவாசல் மைக்கில்கூட அந்த வாசனை ஏறிவிட்டது என்று தொழுகை நடத்தும் ஹஸ்ரத் புலம்புவாராம். அதை எங்களிடம் சொல்லி நீங்களே சிரிப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய மௌத்துச் செய்தி வந்து ஒரு நோன்பு மாதமும் கழிந்துவிட்டது. இத்தனை நாள் அழாதவள், எங்கள் நிறுத்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினேன். கண்டக்டர் தம்பி, "தைலம் கண்ணுல பட்டுருச்சாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நீங்கள் பாங்கு சொல்லும் மோதினாராக இந்த மழைக்காட்டுக்கு வந்த புதிதில், என்னிடம் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறது. "ஏனுங்க, பிள்ளைக் காம்பரான்னு எல்லாரும் சொல்றாங்களே, அதென்னங்க?" எங்கள் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து தகரப்பெட்டியோடு கொண்டுவந்த சொல் அது, கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம், நான்தான் அங்கே ஆயா என்றேன். அன்றிலிருந்து நான் உங்களுக்கு ஆயாம்மா. என்னைவிட நீங்கள்தான் மூத்தவர் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ஒருமுறைகூட மாற்றிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் லயத்து வீடுகளுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரு தேயிலைச் சரிவுதான். ஆனாலும் உள்ளே வந்து பார்த்தவர்கள் எங்களில் குறைவு. நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குப்பாத்திரத்தோடு கேட்டுவரை வருவோம், பிள்ளைகளுக்கு ஓதி ஊதச் சொல்லி வாசலில் நிற்போம், அவ்வளவுதான். மற்றபடி பள்ளிவாசல் எங்களுக்குக் காது வழியாகத்தான் பழக்கம். அதிலும் யானை வந்தால்தான் பழக்கம் கூடும்.

யானையை யார் முதலில் பார்த்தாலும், கொழுந்து லாரி டிரைவரோ விறகுக்குப் போன பெண்களோ, முதல் வேலை உங்கள் பட்டன் போனுக்கு அடிப்பதுதான். "எங்க நிக்குதுங்க? ஒத்தையா, கூட்டமா? குட்டி இருக்குதுங்களா?" என்று விசாரித்துக்கொண்டு மைக்கைத் தட்டுவீர்கள். பிறகு ஒரு செருமல். லயத்தில் அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு நிற்போம். தமிழில் ஒருதரம், பிறகு மலையாளத்தில் ஒருதரம். உங்கள் மலையாளத்தைக் கேட்டுச் சிரிக்காத மலையாளி இந்தப் பக்கத்தில் கிடையாது. ரிசார்ட்டுக்கு வந்த பையன்கள் யானைக்குக் கிட்டே போய்ப் படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "போட்டோ எடுக்கப் போறவங்க வீட்டுல சொல்லிப்போட்டுப் போங்க" என்று மைக்கிலேயே சொன்னீர்களே, அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அதனால் யானை என்ற பேச்சு எழுந்ததும் லயத்தில் ஒருவரை ஒருவர் கேட்பது ஒன்றுதான்: "பாய்க்குச் சொல்லியாச்சா?" மாரியம்மன் கோயில் பூசாரிகூட, கரகம் எடுக்கும் முன்னால் வழி எப்படி என்று உங்களிடம்தான் ஆள் அனுப்பிக் கேட்பார்.

பலா பழுத்த அந்த மழை நாளை நான் எப்படி மறப்பேன் பாய்? காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் பலாமரத்துக்கு யானை வந்து நின்றது. கதவைத் தாழிட்டுவிட்டு, அழும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உங்களுக்கு அடித்தேன். யானை காம்பராவில் நிற்கிறது என்று மட்டும் நீங்கள் சொல்லியிருந்தால், மலைக்குக் கீழே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தாய்மார் அத்தனை பேரும் ஓடி வந்து அதன் காலடியில்தான் விழுந்திருப்பார்கள். உங்களுக்கு அது எப்படித் தோன்றியதோ தெரியாது. மைக்கைத் தட்டினீர்கள். "பிள்ளைங்க பத்திரமா இருக்குதுங்க. ஆயாம்மா உள்ள தாப்பா போட்டு உக்காந்திருக்காங்க. தாய்மாருங்க நின்ன எடத்துலயே நில்லுங்க. ஓடி வராதீங்க." அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். நடுவில் அஸர் தொழுகை நேரம் வந்தது. பாங்கு சொல்லி முடித்த கையோடு, "பிள்ளைங்க பத்திரமா இருக்குதுங்க" என்று மறுபடி தொடங்கினீர்கள். கீழே பெண்கள் கொழுந்துக் கூடையோடு நின்ற இடத்திலேயே நின்று அழுதார்களாம். நடுவில் பிள்ளைகளிடமும் பேசினீர்கள்: "கண்ணுகளா, சத்தம் போடாம இருந்தா ஆயாம்மா முட்டாயி வாங்கித் தருவாங்க." வாக்குக் கொடுத்தது நீங்கள், மறுநாள் வாங்கிக் கொடுத்தது நான்.

பிறகு, உங்களைத் தவிர எல்லார் கையிலும் பெரிய போன் வந்தது. லயத்துப் பையன்கள் வாட்ஸ்அப்பில் யானைக்கென்று ஒரு குழு தொடங்கினார்கள். நல்ல காரியம்தான், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. யானை நிற்கும் இடம் படத்தோடு வந்துவிடும். உங்கள் தொண்டைக்கும் ஓய்வு என்றுதான் நினைத்தோம். உங்களுக்குப் போன் அடிப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. எப்போது நின்றது என்று கேட்டால் இங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது.

ரேஷன் கடையில் ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "ஏனுங்க ஆயாம்மா, இப்பெல்லாம் ஆனை நம்ம பக்கம் வர்றதில்லீங்களா?" நான் சிரித்துவிட்டேன். "நல்லா கேட்டீங்க பாய், முன்னவிட இப்பதான் கூட. எல்லாம் போன்லயே வந்துருதே!" என்றேன். நீங்களும் சிரித்து, "அப்படீங்களா, நல்லதுங்க" என்றீர்கள். அந்த "நல்லதுங்க" அப்போது என் காதில் சரியாக விழவில்லை.

அந்த நாளில் மத்தியானத்திலிருந்தே குழுவில் ஒற்றைக் கொம்பனின் படம். பள்ளிவாசலுக்கு இறங்கும் குறுக்குப் பாதைதான், அடையாளம் தெரியாதவர் யாருமில்லை. நானும் பார்த்தேன். தாய்மாரை நேரத்தோடே வரச்சொல்லி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காம்பராவைப் பூட்டினேன். நீங்கள் தேவாலா பஜாரிலிருந்து பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். டீக்கடையில் இருந்தவர்கள் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். "என்ன பாய், பஜாருக்கா?" என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் தலையாட்டிவிட்டு, மூடுபனிக்குள் அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறீர்கள். ஊருக்கே யானை சொல்கிறவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும், சுற்றி வேறு வழியில்தான் போவார் என்று நினைத்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு வந்தது. குரல் உங்களுடையதாக இல்லை; ஹஸ்ரத்தே பாங்கு சொன்னார். அடுப்படியிலிருந்து வாசலுக்கு ஓடி வந்தேன். நான் போட்ட கூச்சலில் பையன்கள் டார்ச்சும் பட்டாசுமாக ஓடினார்கள். தேயிலைக்கு நடுவில் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் சேற்றோடு சேறாகக் கிடந்தீர்கள். யானையைக் கண்டு குதித்ததில் முட்டி உடைந்திருந்தது. யானை உங்களை ஒன்றும் செய்யாமல் போய்விட்டிருந்தது. தூக்கிக்கொண்டு வரும்போது, "பாங்கு சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டீர்களாம்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தேன். என்னைக் கண்டதும் கட்டுப் போட்ட காலைக் காட்டிச் சிரித்தீர்கள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னீர்கள்.

"எல்லாருக்கும் தெரியுமாமுங்க ஆயாம்மா. எனக்கும் யாராச்சும் ஒரு போன் அடிச்சிருக்கலாமுங்க."

கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டைக்கு நான் சளைத்தவளா? பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் காலோடு உங்களால் நடக்க முடியாமல் போக, உங்கள் மகன் வந்து பொள்ளாச்சிக்கு அழைத்துப்போன அன்று லயமே பள்ளிவாசல் கேட்டில் நின்றது. தேயிலைப் பொட்டலம், ஏலக்காய், பலாச்சுளை என்று காரை நிரப்பினோம். மன்னிச்சுக்குங்க பாய் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் வந்ததும் வாயில் வந்தது, "கால்ல தைலம் தேயுங்க பாய்" என்பதுதான். "தொண்டைக்குத் தேச்சது போக மிச்சம் இருந்தாத் தேய்ப்பனுங்க" என்றீர்கள். கார் போய்விட்டது. வந்து பார்க்கவேண்டும் என்று எல்லாரும் சொன்னோம். பொள்ளாச்சி என்ன சிலோனா பாய்? ஆனாலும் ஒருவரும் வரவில்லை.

உங்கள் மௌத்துச் செய்தியும் அந்தக் குழுவில்தான் வந்தது. நீங்கள் ஒருநாளும் இல்லாத குழு. கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. அதில் நான் ஒன்றும் போடவில்லை.

இப்போது இருக்கும் மோதினார் கேரளத்து வழிக்கடவுப் பையன். குழுவிலும் இருக்கிறான். யானைப் படம் வந்ததும் நான் அவனுக்குப் போன் அடிப்பேன். "சேச்சி, குரூப்புல இட்டிருக்கல்லோ, நானும் கண்டு" என்பான். "குரூப்புல இல்லாதவங்களும் ரோட்டுல நடக்கறாங்கடா. மைக்கப் போடு" என்பேன். முதலில் ஹஸ்ரத்திடம் போய் என்னைப் பற்றிச் சொன்னான். இப்போதெல்லாம் போட்டுவிடுகிறான். மைக்கைத் தட்டத்தான் இன்னும் வரவில்லை, எடுத்த எடுப்பில் பேசிவிடுகிறான்.

போன வாரம் கொம்பன் மறுபடி அந்தக் குறுக்குப் பாதைக்கு வந்தது. படத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் வாசலுக்கு ஓடி, "பாய்க்குச் சொல்லியாச்சா?" என்று கத்திவிட்டேன். லயத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அன்றைக்கு எங்களில் ஒருவர் வாயிலும் வராத கேள்வி அது, பாய்.