செயின் வண்டிக்கு நாலு எலுமிச்சை

பாய்,

கையில் டீசலும் எலுமிச்சையும் சேர்ந்து மணக்கின்றன. ஒருமுறை சோப்புப் போட்டேன். போய்விடுமோ என்று மறுமுறை போடவில்லை. நம் செயின் வண்டி இன்று மறுபடி மரம் இழுத்தது!

பழைய இரும்புக் கடையிலிருந்து அந்தச் சின்ன டிராக்டரை வாங்கி, லாரியில் ஏற்றி, செங்கம் ரோட்டில் கொண்டுவந்தோமே. நம்மைவிட மூத்த வண்டி. டயர் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. இரு பக்கமும் இரும்புச் செயின், திருப்ப இரண்டு லிவர். ஆசிரமத்துக்கு எதிரே வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துக் கைகூப்பினார். ஊர் வழக்கப்படி நாமும் கூப்பினோம்.

டிராக்டர் என்று கேட்டதும் பூக்கடைக்காரம்மா சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சை கொடுத்துவிட்டார். செயினுக்கு முன்னால் பக்கத்துக்கு இரண்டாக வைத்தேன். நீங்கள் ஓட்டினீர்கள். மூன்று நசுங்கின. நாலாவது செயின் பட்டையில் சிக்கி, பின்பக்கமாக மேலேறி, முழுசாக உங்கள் முழங்கையருகே வந்து சேர்ந்தது.

"இன்னாங்க இது, குடுத்த பலிய திருப்பிக் குடுக்குது? நாணயமான வண்டிங்க!" என்று சிரித்தீர்கள்.

அதைப் பிழிந்து இருவரும் குடித்தோம். "சக்கர ஜாஸ்தியா போடுங்க" என்றீர்கள்.

அன்றே ஏரியில் கருவேலங்கட்டை இழுத்தோம். நான் கட்டிய கட்டை மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. "மரம் இழுக்கறீங்களா, கடலைக்கு உழறீங்களா? மூக்கத் தூக்கிக் கட்டுங்க சார்." முனையை வண்டியின் பின்னால் உயர்த்திக் கட்டியதும், கட்டை புது மாப்பிள்ளைபோலப் பேசாமல் பின்னால் வந்தது.

நீங்கள் போனபிறகு உங்கள் மரவாடியை மகள் நசீமாதான் நடத்துகிறாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் கருவேலம் ஏலம் எடுத்தாள். பெண்பிள்ளை எப்படி மரம் இழுக்கும் என்று தெருவே கவலைப்பட்டது. உதவத்தான் யாருக்கும் நேரமில்லை. மரத்தை வெட்டி முடித்ததும் மழை. நேற்று ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது. கட்டைகள் மூழ்கினால் கோடைவரை எடுக்க முடியாது. அதற்குள் ஏலத்துக்கு வாங்கிய கடனில் மரவாடி கைமாறியிருக்கும். இன்று காலை வாடகை டிராக்டர் சேற்றில் அச்சுவரை புதைந்தது. டிரைவர் தன் மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் கொண்டுவந்த டிராக்டர் அதற்குத் துணையாகப் புதைந்தது.

"மாமா, அத்தா வண்டிய எடுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள் நசீமா.

"அது ஸ்டார்ட் ஆவுமாம்மா?"

"ஆவலன்னா மூணாவதா பொதையாது இல்ல?"

ஆனது, பாய்! இருமி, கறுப்பாகத் துப்பி, உங்களைப்போலவே இரண்டு முறை திட்டிவிட்டுக் கிளம்பியது. நசீமா லிவரைப் பிடித்தாள். அதற்குமுன் நாலு எலுமிச்சை வைத்தாள். "ஏன் நாலு?" என்றேன்.

"அத்தா எப்பவும் நாலுதான் வெப்பாரு. மூணு வண்டிக்கு, ஒண்ணு சாருக்கும் எனக்கும்னுவாரு."

கிரிவலம் போகும் கிழவர்கள் முந்திவிடும் வேகம்தான். ஆனால் புதையவில்லை, நிற்கவில்லை! "மூக்கத் தூக்கு!" என்று கத்தினேன். "கட்டறது நீங்க மாமா, நீங்கதான் தூக்கணும்" என்றாள். கடைசிக் கட்டை கரையேறும்போது தண்ணீர் அதன் வாலை நனைத்திருந்தது. பிறகு டிரைவரையும் மச்சானையும் டிராக்டரோடு இழுத்துப் போட்டோம்.

நாலாவது எலுமிச்சை இன்றும் திரும்பி வந்தது. நசீமா கரையிலேயே பிழிந்து, உங்கள் அளவில் சர்க்கரை போட்டு, உங்கள் பங்கையும் என்னிடம் நீட்டினாள். டாக்டர் எனக்குச் சர்க்கரையே கூடாது என்றிருக்கிறார்.

இரண்டு தம்ளரையும் குடித்தேன், பாய்.