என் அறையில் இல்ஸே

செப்டம்பர் 12, ஞாயிறு

என் கட்டில் போயிற்று. என் மேசை, என் ஜன்னல், அலமாரியில் பாதி, எல்லாம் இப்போது லாத்வியாக்காரி ஒருத்திக்கு. பெயர் இல்ஸே, வயது பதினெட்டு. ஸ்பானிஷ் படிக்க ஒரு வருடம் எங்கள் வீட்டில் தங்கப்போகிறாள். நான் இஸ்திரி போடும் அறையில் மடக்குக் கட்டிலில், அப்பாவின் சட்டைகளுக்கு நடுவில்.

“மாணவிக்கு மேசையும் ஜன்னலும் இருக்கற அறைதான் கொடுக்கணும்னு ஏஜென்சில சொல்லிட்டாங்க பெலென்” என்றாள் அம்மா.

அப்போ நான் யாரு? மாடு மேய்க்கிறவளா?

ஒரே ஒரு நல்ல செய்தி. முதல் இரண்டு வாரம் வெள்ளோட்டம்தானாம். 24-ம் தேதி அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இருப்பாள். போடாவிட்டால் எங்கள் ஊர் ஸமோராவில் அவளுக்கு வேறு வீடு கிடையாது, நேரே அவள் ஊருக்கு விமானம். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அம்மா அந்தப் பேனாவைத் தொடக்கூடாது.

செப்டம்பர் 13

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வீடெல்லாம் வெறுங்காலில் நடக்கிறாள். அம்மாவுக்கு வெறுங்காலைக் கண்டாலே ஆகாது. “ஐயோ, கால்ல குளிர் ஏறி நெஞ்சுல கட்டிக்கப்போகுது!” என்று அலறினாள். சரி, நான் கை வைக்கவே வேண்டாம், இவளே கெடுத்துக்கொள்வாள் என்று சந்தோஷப்பட்டேன். அம்மா கடைக்குப் போய் உள்ளே ரோமம் வைத்த வீட்டுச் செருப்பு வாங்கி வந்து, குனிந்து, அவள் காலில் மாட்டிவிட்டாள்.

செப்டம்பர் 15

“குளியல்... எவ்வளவு நேரம்?” என்று இல்ஸே என்னிடம் கேட்டாள். “உன் இஷ்டம்! சுடுதண்ணி வந்துக்கிட்டே இருக்கும்” என்றேன்.

வந்துகொண்டே இருக்க இது என்ன அருவியா? வெந்நீருக்கான கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. அடுத்துக் குளிக்கப் போன அம்மா தலை நிறைய ஷாம்பூ நுரையோடு வெளியே வந்து, “யாருடி கேஸைக் குடிச்சது?” என்று கத்தினாள். இல்ஸே நடுங்கிக்கொண்டே ஆறு தடவை மன்னிப்புக் கேட்டாள். ஆறாவது தடவை அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. அந்தத் தடிச்சி கீழே இறங்கிப் புது சிலிண்டரைத் தன்னந்தனியாக மூன்று மாடி தூக்கிவந்தாள். “அடேயப்பா, என்னால முடியாதும்மா இது!” என்று அப்பா கைதட்டினார்.

எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.

செப்டம்பர் 17

அம்மா அவளை “மகளே” என்கிறாள். ரொட்டிக் கடைக்காரியையும்தான் மகளே என்பாள். இருந்தாலும்.

செப்டம்பர் 19, ஞாயிறு

இன்று இல்ஸே என்னிடம் வந்து உட்கார்ந்து, “பெலென், நீ மெதுவா பேசுறே. உன் பேச்சு மட்டும்தான் எனக்குப் புரியுது” என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அம்மா ஞாபகம் போல. நான் தோளில் தட்டிக்கொடுத்தேன். இன்னும் ஐந்து நாள்.

செப்டம்பர் 20

ஃபெர்மின் பெரியப்பா இன்று காலை செத்துப்போனார். நான் அழவில்லை, யாரும் பெரிதாக அழவில்லை. ரெமே பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, நான்கு வருடமாகப் படுக்கையில் கிடந்த அவருக்கு ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, அவரிடம் வாங்கியதெல்லாம் வசவுதான். பெரியப்பாவின் அக்கா கசில்டா கிறிஸ்துமஸுக்கு வருவாள், தம்பி நெற்றியில் ஒரு முத்தம் கொடுப்பாள், “இவ இவனோட சாவுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா” என்று பெரியம்மா காதுபடவே சொல்லிவிட்டுப் போவாள்.

மத்தியானம் சமையலறையில் இல்ஸே நோட்டும் பேனாவுமாக வந்தாள். “நாளைக்கு நானும் வரேன். உன் பெரியம்மாகிட்ட நான் என்ன சொல்லணும்?”

எங்கள் ஊரில் துக்கத்துக்குப் போனால், ‘உங்க வருத்தத்துல நானும் கூட இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. “ரெண்டு கையையும் பிடிச்சுக்கோ, ரெண்டு கன்னத்துலயும் முத்தம் கொடு, கொஞ்சம் சத்தமா ‘எனோராபுவேனா’ன்னு சொல்லு” என்றேன். கல்யாணம் ஆனால், பிள்ளை பிறந்தால், பரீட்சையில் தேறினால் சொல்கிற வாழ்த்து அது.

பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு புரளாத இடத்தில் நான் திருத்தினேன், பொறுமையாக.

செப்டம்பர் 21

இதை எழுதாமலே விட்டுவிடலாம். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

துக்கக்கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் உடல் பூக்களுக்கு நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் பெரியம்மா நாற்காலியில். இல்ஸே அம்மாவின் கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் குனிந்து, கையைப் பிடித்து, முத்தம் கொடுத்து, சொன்னாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு சுத்தமாக ஒரு ஸ்பானிஷ் சொல் வந்ததே இல்லை. சொல்லிவிட்டு, சரியா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அப்புறம் பெரியம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பொத்த முடியாமல் சிரித்தாள், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

கசில்டா எழுந்துவிட்டாள். “பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க! என் தம்பி இன்னும் குழிக்குள்ள போகல, இவ பல்லைக் காட்டுறா! நான் சொன்னப்போ யாராவது நம்பினீங்களா?”

யாரோ “வெட்கங்கெட்டவ” என்றார்கள். பெரியம்மாவின் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனாள்.

வீட்டுக்கு வந்ததும் இல்ஸே அகராதியை எடுத்து விரலால் தேடினாள். கண்டுபிடித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“யாரு உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?” என்றாள் அம்மா.

“நான்... புத்தகத்துல... தப்பா படிச்சேன்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 22

அடக்கத்தில் கசில்டாவின் ஆட்கள் பெரியம்மாவை முன்வரிசையில் நிற்கவிடவில்லை. நான்கு வருடம் ஊட்டிவிட்டவள், கடைசியில் கல்லறைத் தோட்டத்து கேட்டருகே நின்றாள்.

செப்டம்பர் 24

அம்மா கையெழுத்துப் போடவில்லை. “இந்தப் பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு எங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?” என்று ஏஜென்சிக்குப் போனில் சொல்லிவிட்டு அழுதாள்.

ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 25

இல்ஸே படுக்கை விரிப்பைத் தானே உருவி மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். பஸ் நிலையத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு கன்னத்திலும் முத்தம். “உன் வருத்தத்துல நானும் கூட இருக்கேன்” என்றாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

“ஐயோ பாவம், மறுபடியும் மாத்திச் சொல்லுது” என்றாள் அம்மா.

அக்டோபர் 2

என் ஜன்னல். என் கட்டில். நன்றாகத் தூங்குகிறேன். யாரும் நம்ப வேண்டாம்.

அக்டோபர் 16

பெரியம்மா வந்திருந்தாள், ரொம்ப இளைத்துவிட்டாள். கசில்டா வீட்டார் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். அம்மாவும் அவளும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். எனக்குக் காது நீளம்.

“அஸுன், அந்தப் பொண்ணு என்னை வாழ்த்தினதும் யாரைத் திரும்பிப் பார்த்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? உன் மகளை. உன் மக தலையை ஆட்டினா. என் கண்ணால பார்த்தேன்” என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அப்புறம் எதுவும் என் காதில் விழவில்லை.

அக்டோபர் 17, ஞாயிறு

அம்மா திட்டுவாள், அறைவாள் என்று காலையிலிருந்து காத்திருந்தேன். கதவைத் தட்டினாள். இந்த வீட்டில் யாரும் யார் கதவையும் தட்டிப் பழக்கம் இல்லை.

“உள்ளே வரலாமா?” துவைத்து மடித்த துண்டு இரண்டைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள். “மூணு மணிக்குச் சாப்பாடு. இன்னைக்குக் கொண்டைக்கடலை. உங்களுக்குப் பிடிக்கலைன்னா தயங்காம சொல்லுங்க.”

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அம்மா டாக்டரை ‘நீங்க’ என்பாள், பாதிரியாரை ‘நீங்க’ என்பாள். வேறு யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்டோபர் 23

இன்னும் ‘நீங்க’தான். தலைவலி என்றேன். மாத்திரையும் தண்ணீரும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 29

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அழுதேன், காலைக்கூடக் கட்டிக்கொண்டேன். மெதுவாக என் விரல்களைப் பிரித்துவிட்டு, “தரை சில்லுன்னு இருக்கு, எழுந்திருங்க” என்றாள். அப்பாவிடம் போய் நின்றேன். “அவகிட்டயே பேசிக்கோ” என்று பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 3, புதன்

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேவிட்டேன். “அம்மா, எத்தனை நாளைக்கு இப்படி?”

கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்க வீட்டுல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?”

“ஒரு குறையும் இல்லைங்க” என்றேன்.