கதவைச் சாத்துடா, காத்து வருது

அம்மா, எங்கள் பாடகர் ஒரு திருடர். மற்றபடி நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

எங்கள் இசைக்குழுவில் ராக் பாட்டு, கூடி உட்கார்ந்து சும்மா வாசிக்கும்போதுதான் பிறக்கும். வரிகள் கிடைக்கும்வரை வாயில் வந்ததைப் பாடுவோம். போன லீவில் வீட்டில் முனகினேனே, அந்த மெட்டுக்கு உன் திட்டையே பாடினேன்: "கதவைச் சாத்துடா, காத்து வருது." டிரம்மர் விழுந்து விழுந்து சிரித்தார். நேற்று அந்த மெட்டைப் பாடகர் தான் போட்டதாகத் தன் பெயரில் பதிந்துகொண்டார். கேட்டால் சொல்கிறார்:

"ரூம்ல பொறந்தது எல்லாருக்கும் பொதுடா தம்பி."

பொதுவென்றால் அவர் பெயர் மட்டும் ஏன்?

கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன். லீவில் நான் முனகியதைத் தங்கச்சி போனில் பதிவு செய்தாளே, அதை அனுப்பச் சொல். உன் பாத்திரச் சத்தத்தை வெட்ட வேண்டாம்.

ஒத்திகை தொடங்கப்போகிறது. "என் பேரையும் போடுங்கண்ணே" என்று இப்போதும் எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்.